முட்டை இல்லை, மாமா

2020 அக்டோபரில் ஒருநாள் என் வாட்ஸாப்பில் ஏழு பேர் ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள். மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள். சில பூசணிக்காய் அளவு, சில அதைவிடப் பெரிசு. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று கீழே எழுதியிருந்தது. எட்டாவதாக மாமா போனில் வந்தார்.

“மாப்ள, நம்ம ஆட்டுப்பட்டியில கெடக்குதே ஒரு உருண்டக் கல்லு, அதே மாதிரிதான் இருக்கு. நீ என்னாங்கிற?”

அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா பிறந்த ஊர் கொளக்காநத்தத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. தாத்தா காலத்தில் கிணறு வெட்டியபோது வந்த கல் என்பார்கள். ஒன்றரைச் சாண் குறுக்களவு இருக்கும். தூக்க முடியாது, உருட்டத்தான் வேண்டும். பட்டியின் படல் காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துதான் வேப்பங்குச்சியால் பல் விளக்குவேன்.

குன்னத்துக் கற்களைப் போய்ப் பார்த்த நிபுணர்கள் அவை முட்டைகள் இல்லை என்று இரண்டே நாளில் சொல்லிவிட்டார்கள். கடலடிச் சேற்றில் உருண்டு திரண்ட கற்கள், அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரோடு தொடர்புடையவை. இந்தச் செய்தியை எனக்கு ஒருவரும் அனுப்பவில்லை. மாமாவுக்கு நான்தான் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கல் பட்டியில் இல்லை. கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, மடித்த கோணிப்பையின்மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் மாமா மகனும் அவன் பெண் வெண்பாவும் நானும் கிளம்பி ஒருநாள் முழுக்கச் சுற்றினோம். வெண்பா ஐந்தாம் வகுப்பு. டைனோசர் காட்டுவதாகச் சொல்லித்தான் அவளை அழைத்துப் போனேன். அது என் தப்பு. இந்த ஊர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோருக்கும் வாயில் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். இங்கே இருந்தது கடல். டைனோசர் அதன் கரையோரத்தில் வந்துபோன விருந்தாளி.

திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வந்து பாடாலூரில் கிழக்கே திரும்ப வேண்டும். மேற்கே இருக்கும் பாறை, திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் இனம். 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதில் எலும்பும் இல்லை, சிப்பியும் இல்லை. ஊட்டத்தூர் வந்ததும் தரையின் சுபாவமே மாறிவிடும். கெட்டிப் பாறை மறைந்து, வெளிறிய களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மணற்கல்லும் தொடங்கும். பழைய கடற்கரை ஏறக்குறைய இங்கேதான்.

இந்தியா அப்போது பூமத்தியரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. கோண்ட்வானா என்ற பெருநிலம் பிளந்து, நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டு விலகியபோது விளிம்பு பள்ளம் பள்ளமாக இறங்கியது. அந்தப் பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அதில் கடல் ஏறியது. அப்போது உலகம் முழுக்கக் கடல்மட்டம் இப்போதைவிட மிக உயரம். அந்தக் கடல் ஏறியும் இறங்கியும் மறுபடி ஏறியுமாக ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள் இங்கே படிவுகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால் ஒரு வசதி உண்டு. மேற்கேயிருந்து கிழக்கே வண்டி ஓட்டினால் காலம் முன்னோக்கி நகரும். பாடாலூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் செந்துறையில் சாப்பாட்டு நேரத்துக்குள் டைனோசர் யுகம் முடிந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்தது இந்த அடுக்குகளின் பெயர்கள். உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் இவற்றைப் பற்றி எழுதினாலும் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்றுதான் எழுதியாக வேண்டும். டவுன் பஸ் போர்டு மாதிரி இருக்கும். நிலவியலில் ஒரு பாறை அடுக்குக்கு அது நன்றாகத் தெரிகிற ஊரின் பெயரை வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்ததில் ஒன்று வசமாக மாட்டிக்கொண்டது. இந்தக் கடலின் ஆரம்பகாலப் பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல் தெற்கே கல்லக்குடியில் இருக்கிறது. அந்த அடுக்கின் பெயர் தால்மியாபுரம். அந்த ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி 1953இல் தி.மு.க.காரர்கள் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்து, சிறைக்குப் போய், பின்னால் ஆட்சிக்கு வந்து ரயில் நிலையப் பலகையை மாற்றியும் ஆயிற்று. ஆனால் பாறையின் பெயரில் யாரும் கைவைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் இன்றைக்கும் தால்மியாபுரம்தான்.

சரி, காரைக்கு வருவோம். சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம். சீமைக்கருவேலமும் முளைக்கத் தயங்கும் வெளிறிய மேடுகள், மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைப் பிளவுகள். உள்ளே இறங்கினால் பத்தடிக்கு மேல் தூரம் தெரியாது. ஒரு வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு. களிமண் சாம்பலும் மஞ்சளும் துரு நிறமுமாக வரிவரியாக நிற்கும். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜிப்சம் நரம்புகள். காலை வெயிலில் கண்ணாடிச் சில்லு கொட்டிக் கிடப்பதுபோல மின்னும். சின்ன வயதில் இதைக் காக்காப்பொன் என்று சொல்லி டவுசர் பையில் போட்டுக்கொள்வோம். காக்காப்பொன் வேறு என்று தெரிய எனக்குக் கல்லூரிக் காலம் வரை ஆயிற்று.

வெண்பா முதல் பத்து நிமிடத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “மாமா, எலும்பு எங்க?”

“கீழ பாரு” என்றேன்.

குனிந்து பார்க்கப் பழக வேண்டும். நின்றபடி பார்த்தால் எல்லாம் கல். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு முழ நிலத்தை மட்டும் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கண் மாறும். அவள் முதலில் எடுத்தது விரல் நீளத்தில், ஒருமுனை கூரான, பழுப்புக் கல். துப்பாக்கித் தோட்டா என்றாள். பெலெம்னைட். கணவாய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதன் உடம்புக்குள் பின்பக்கத்தில் இருந்த கெட்டிப்பகுதி இது. சதை எல்லாம் போய் இது மட்டும் மிஞ்சியது. காரையில் இது எக்கச்சக்கம். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் உடைந்த முனையில் மர வளையம் மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள், நடுவிலிருந்து ஆரம் ஆரமாக வெளியே ஓடும் நார்கள். வெண்பா அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மோனைட் கிடைக்க இன்னும் அரை மணி ஆயிற்று. முழுசாக இல்லை, கால்வாசித் துண்டு. ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்து, குறுக்கே வரப்பு வரப்பாக விலா எலும்பு மாதிரி மேடுகள். எகிப்தியரின் அமுன் தெய்வத்துக்கு ஆட்டுக்கொம்பு உண்டு. அதிலிருந்துதான் அந்தப் பெயர். நம் ஊரில் பார்த்தவுடன் நத்தை என்போம். நத்தைக்கும் இதற்கும் உறவு தூரம். நத்தை தன் ஓடு முழுவதிலும் குடியிருக்கும். அம்மோனைட் ஓடு முழுக்கத் தடுப்புச் சுவர் வைத்த அறைகள். விலங்கு கடைசி அறையில் மட்டும் இருந்துகொண்டு, வளர வளரப் பின்னால் ஒரு சுவரை எழுப்பிவிட்டு முன்னால் நகரும். காலியான அறைகளில் காற்று. அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு மெல்லிய குழாயால் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொண்டு மிதப்பைச் சரி செய்துகொள்ளும். நீர்மூழ்கிக் கப்பலைப் போல என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு, பிள்ளைகள் பெரிசாகப் பெரிசாக முன்னால் முன்னால் பத்தி இறக்கிக் கட்டிய எங்கள் தாத்தா வீடுதான் ஞாபகம் வரும்.

தடுப்புச் சுவர் வெளி ஓட்டைத் தொடும் கோடு நேர்கோடு இல்லை. மடிந்து மடிந்து, கறிவேப்பிலைக் கொத்தை விரித்து வைத்தாற்போல இருக்கும். இனத்துக்கு இனம் அந்தக் கோலம் மாறும், அதை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம். எல்லாமே சுருண்டிருக்கும் என்றும் இல்லை. காரையில் கிடைக்கும் துரிலைட்டஸ் காதுத் தோட்டின் திருகாணி போல முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். பாகுலைட்டஸ் என்பது நேரான கோல். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான். பெருமாளின் சக்கரம் என்று பூஜையில் வைக்கிறோம். அது காரைக் கற்களைவிடப் பழசு.

இதே களிமண்ணில் சுறாப் பற்களும் இக்தியோசார் பற்களும் கிடைத்திருக்கின்றன. இக்தியோசார் என்பது பார்ப்பதற்கு ஓங்கில் (டால்பின்) மாதிரி இருந்த கடல் ஊர்வன. 1879இலேயே ரிச்சர்ட் லிடெக்கர் இந்தப் பகுதியின் முதுகெலும்புகளை வைத்து அதற்கு ‘இண்டிகஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். உலகம் முழுவதும் அந்த இனமே அழியப்போகும் கடைசிக் காலத்தில் வாழ்ந்தவை இங்கே இருந்தவை. அதற்கப்புறமும் டைனோசர்கள் இரண்டரைக் கோடி ஆண்டுக்கும் மேல் ராஜபோகமாக இருந்தன. ஆனால் இக்தியோசாரைப் பற்றி வாட்ஸாப்பில் ஒருவரும் அனுப்புவதில்லை.

எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். வெண்பாவுக்கு மனசே இல்லை. காரையைச் சொல்லக் கேள்விப்பட்டுக் கல்லூரி வண்டிகள் சாக்குப்பையோடு வந்து அள்ளிப்போன கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் சின்ன வயதில் குனிந்தால் கிடைத்த முழு அம்மோனைட், இப்போது அரை மணி தேடிக் கால்துண்டு. எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது அலமாரியில் ஒரு அழகான கல், அவ்வளவுதான்.

முதலில் அள்ளிப்போனவர்கள் குறிப்பு எழுதிவைத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்து லண்டன் நிலவியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு நடந்தே அளந்து படம் போட்டார்; 1862இல் அது வெளிவந்தது. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று இந்தப் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்தவர் அவர்தான். (பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் ஆனதும் அவரே. வெயிலில் இவ்வளவு நடந்தவருக்கு அது பொருத்தமான வேலை.) அப்புறம் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, அம்மோனைட், நத்தை, சிப்பி என்று தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி) உயிர்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு பெரிய பெரிய தொகுதிகளாக எழுதி முடித்தார். முடித்த கையோடு யார்க்கந்து பயணம் போனவர், 1874இல் திரும்பும் வழியில் மலை உயரத்தில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 36. லே நகரத்தில் கல்லறை. நம் ஊர்ச் சிப்பிகளுக்கு இவ்வளவு உழைத்த மனிதருக்கு நம் பக்கம் ஒரு தெருப் பெயர்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

கருடமங்கலம் பக்கம் சிப்பியும் நத்தையும் ஒட்டிப்போய்க் கல்லான ஒரு சுண்ணாம்புக்கல் உண்டு. மெருகு போட்டால் கருஞ்சாம்பலில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி வடிவம் தெரியும். ‘திருச்சிப் பளிங்கு’ என்று வெள்ளைக்காரர்கள் அதில் அலங்காரப் பொருள்கள் செய்தார்கள். அங்கிருந்து சாத்தனூர். கல்மரம். 18 மீட்டர் நீளத்துக்கு ஓடைக்கரையில் படுத்திருக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. இப்போது கம்பி வேலியும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. கடல் படிவுக்குள் மரம் எப்படி வந்தது என்று வெண்பா கேட்டாள். ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது, ஊறி மூழ்கியது, சேறு மூடியது, மரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் சிலிக்கா புகுந்து இடம் பிடித்தது. “வெள்ளத்துல வந்த மரமா?” என்றான் மச்சான். அவனுக்கு அது உடனே விளங்கியது. மருதையாற்று வெள்ளம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்துப் பாலம் அரித்துப்போய் ரயில் கவிழ்ந்து, லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அந்த ஆற்றால்தான்.

இங்கே ஒரு டைனோசர் கதை சொல்ல வேண்டும். 1979இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள், திருச்சித் தொகுதிப் பாறையில் கிடைத்த எலும்புகளை முதுகில் தட்டு வைத்த ஸ்டெகோசார் வகை டைனோசர் என்று அறிவித்தார்கள். வைத்த பெயர் திராவிடோசாரஸ். எங்கள் வரலாற்று ஆசிரியர் அதைச் சொல்லும்போது பத்து அங்குலம் வளர்ந்துவிடுவார். ஸ்டெகோசார்கள் மற்ற இடங்களில் எல்லாம் அழிந்து வெகுகாலம் ஆனபின் இங்கே மட்டும் ஒன்று எப்படி என்று சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. 1996இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் அதைப் பார்த்துவிட்டு இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்றார்கள். துடுப்புக் கால் வைத்த கடல் ஊர்வன. விவாதம் அதோடு ஓயவில்லை. எனக்கென்னவோ சட்டர்ஜி சொன்னதுதான் சரியாகப் படுகிறது. கடல் சேற்றில் கிடைத்த எலும்பு கடல் பிராணியுடையதாக இருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? திராவிடப் பெயர் வைத்ததால் அது கரையேறிவிட வேண்டுமா?

அரியலூரைத் தாண்டினால் கல்லங்குறிச்சி. கலியபெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், வழியெங்கும் டிப்பர் லாரியும் தூசியும். மச்சான் ஓட்டுவது டிப்பர்தான், மைன்ஸிலிருந்து ஆலைக்கு. அவன் புண்ணியத்தில் ஒரு பழைய பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தோம். வெட்டிய சுவரில் கிடைமட்டமாக, கை அகலத்துக்கும் ஆள் உயரத்துக்கும் மாறி மாறிச் சிப்பி அடுக்குகள். கிரைஃபியா என்ற தடித்த சிப்பி. ஒரு பக்கம் கிண்ணம் போலக் குழிந்து, கனத்து, கையில் எடுத்தால் கல்லா ஓடா என்று புரியாது. இரண்டு ஓடும் மூடியபடியே ஆயிரக்கணக்கில் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. இந்த ஓரிடத்தில் மட்டும் இத்தனை என்றால், ஊர் ஊராக நீளும் அடுக்கில் எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

“சிப்பி வரி வந்துட்டா சூப்பர்வைசருக்குச் சந்தோசம் மச்சான். நல்ல சுண்ணாம்பு” என்றான் அவன்.

அந்தச் சிப்பிகளைத்தான் நொறுக்கி, களிமண் சேர்த்து, 1,450 டிகிரிச் சூட்டில் சுட்டு, சிமெண்ட் ஆக்குகிறார்கள். என் திருச்சி வீட்டுக்கு அரியலூர் மூட்டைதான் இறங்கியது. சுரங்கத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. மச்சான் குடும்பமே அதில் ஓடுகிறது. புது அடுக்குகளை வெட்டிக் காட்டுவதும் அந்தச் சுரங்கங்கள்தான். அவை இல்லாவிட்டால் நிலவியலாளர்கள் பாதியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். காட்டிய கையோடு அரவைக்கும் போய்விடுகிறது, அதுதான்.

ஓட்டக்கோவிலைத் தாண்டிக் கல்லமேடு. இங்கே கடல் பின்வாங்கிவிட்டது. ஆற்று மணலும் வெள்ளக் களிமண்ணும். கிரெட்டேசியஸின் கடைசி அத்தியாயம், சுமார் 6.7 கோடி ஆண்டுகள். வெண்பாவுக்கு வாக்குக் கொடுத்த டைனோசர் இங்கேதான். சார்லஸ் மேட்லி 1929இல் இந்தப் பகுதி டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார். பிறகு அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பேருடலைப் பற்றி எழுதினார்கள். வைத்த பெயர் பிருஹத்காயோசாரஸ் மேட்லியி. பிருஹத்காயம் என்றால் பெரிய உடம்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான். முதலில் இதை ஊன் தின்னி என்று நினைத்தார்கள். அப்புறம்தான் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி, டைட்டனோசார் என்று திருத்தினார்கள். 2023இல் வந்த ஒரு மதிப்பீடு எடையை 110 டன்னுக்கு மேல் வைக்கிறது. நீலத்திமிங்கிலத்தோடு ஒப்பிடும் அளவு. இதுவரை நிலத்தில் நடந்ததிலேயே பெரிசு நம் அரியலூர்க்காரராக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். எலும்புகள் இப்போது இல்லை. கல்லமேட்டுக் களிமண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதற்குள் இருந்த எலும்புகள் ஏற்கெனவே நொய்ந்து போயிருந்தன. எடுத்துக் கட்டுப் போட்ட பின்பும், கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கட்டுக்குள்ளேயே பொடிந்துவிட்டன. மிஞ்சியது சில கோட்டுப் படங்களும் பல ஆண்டு கழித்து 2022இல் வெளிவந்த சில புகைப்படங்களும். உலகத்திலேயே பெரிய எலும்பு, கையில் எடுத்த பிறகு, திருநீறாகப் போயிற்று. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்கிட்டச் சொல்லியிருந்தா வைக்கோல் சுத்திக் கொண்டாந்து சேத்திருப்பேன்” என்றார் கடைசியில்.

மிஞ்சியவை சின்னச் சின்னவை. 2001இல் ஒரு ஆமைக்குக் கூர்மதெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கூர்மமும் கல்லமேடும் சேர்ந்த பெயர். 2013இல் ஒரு குட்டிப் பல். ட்ரூடோன்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சிறு டைனோசருடையது. அதுவரை அவை வட கண்டங்களில் மட்டுமே தெரிந்தவை. அதே மண்ணைச் சலித்ததில், மடகாஸ்கரில் வாழ்ந்த ஒரு தாவர உண்ணி முதலையின் பல்லைப் போன்ற பற்களும் வந்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து அப்போது இரண்டு கோடி ஆண்டாகியும் சாயல் போகவில்லை. 110 டன் எடை பொடியாய்ப் போக, மண்சல்லடையில் தங்கிய ஒரு பல் ஒரு கண்டத்தின் உறவைச் சொல்கிறது.

முட்டையே இங்கே இல்லையா என்றால், இருக்கிறது. அரியலூரில் எடுத்த ஒரு டைனோசர் முட்டையின் ஓட்டமைப்பைப் பற்றி 1996இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறை அருகே ஓடையில் முட்டைக் குவியல்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அந்தச் செய்திதான் ஊர் மனசில் ஊறி, 2020இல் உருண்டையாகக் கிடைத்ததெல்லாம் முட்டையாகிவிட்டது. இந்தியாவில் கிடைத்த டைனோசர் முட்டைகள் பெரும்பாலும் ஒரு சாண் அகலத்தைத் தாண்டுவதில்லை. மேலே மெல்லிய ஓடு இருக்கும். ஓட்டில் மூச்சுத் துளைகள் இருக்கும். உருண்டைக் கல்லுக்கு அதெல்லாம் கிடையாது. செத்த உயிர் சேற்றில் அழுகும்போது அதைச் சுற்றி நீரின் ரசாயனம் மாறும். அங்கே மட்டும் சுண்ணாம்பு இறங்கிச் சேற்றைக் கெட்டியாக்கும். வெங்காயம் போல மேல்மேல் திரண்டு உருண்டையாகும். உடைத்தால் நடுவில் அந்த உயிர் இருந்தாலும் இருக்கும்.

நின்னியூருக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடல் மறுபடி ஏறிய இடம். எரிகல் விழுந்து, டைனோசர்கள் போன பிறகு படிந்த சுண்ணாம்புக்கல். இங்கேயும் சிப்பி உண்டு, நத்தை உண்டு. வெண்பா டார்ச் அடித்து வெகுநேரம் தேடினாள், அவளுக்கு அம்மோனைட் வேண்டும். “இங்க கெடைக்காதும்மா” என்றேன். கடல் திரும்பியது, அவை திரும்பவில்லை. 30 கோடி ஆண்டுக்கும் மேல் உலகத்தின் எல்லாக் கடல்களிலும் இருந்த இனம்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் வெண்பா நேராக டி.வி. பக்கம் போனாள். கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு என் போன் டார்ச்சை வாங்கி, கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். காரையில் நான் சொல்லிக்கொடுத்த வித்தை. நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். மாமா கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த இடத்தில் மேல்தோல் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. அதில் வளைந்து வளைந்து ஏழு வரப்புகள். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

“தாத்தா, இங்க பாரு. கொம்பு.”

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப முட்டை இல்லங்கிற.”

“முட்டை இல்லை, மாமா. கணவாய்க்குச் சொந்தம்.”

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். “என்னது, கணவாயா? கவுச்சியையா கொண்டாந்து சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கீங்க? நாளைக்குப் புரட்டாசி பொறந்தா என்னா பண்ணுவீங்க?” தை மாதத்தில் புரட்டாசிக்கு எட்டு மாதம் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சாளக்கிராமக் கதையை எடுத்தேன். “அது பெருமாள். இது ஆட்டுப்பட்டியில கெடந்தது” என்று முடித்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் நானும் மச்சானும் அதைக் கோணிப்பையோடு உருட்டிக்கொண்டு போய்ப் படலுக்கு முட்டுக் கொடுத்தோம். வரப்புத் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி வைக்கச் சொன்னாள் வெண்பா. வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு வெள்ளாட்டுக் குட்டி அதன்மேல் ஏறி நின்றுகொண்டது.